வலது பக்கத் திமிங்கலங்கள்

படகு கிளம்பிவிட்டது. ஏணியில் இன்னும் இரண்டு படி பாக்கி. பைனா ஒரே எட்டில் இரண்டையும் தாண்டி மேல்பலகையைப் பிடித்தார். முழங்கால் இரும்புக் குழாயில் ணங்கென்று இடித்தது. வலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவருக்குப் பின்னாலேயே அந்தப் பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

பலகையில் இரண்டு பேர் உட்காரலாம். அவர் அவசர அவசரமாக நகர்ந்து இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். இனி அவள் வலது பக்கம்தான் உட்கார்ந்தாக வேண்டும்.

“சார், கொஞ்சம் இந்தப் பக்கம் வர்றீங்களா? நான் இடது பக்கம் உக்காரணும்.”

“அங்க வெயில் அடிக்கும்மா.”

“பரவால்ல சார். நான் வந்ததே அதுக்குத்தான்.”

வெயில் காயவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டுச் சமாளிக்கப் பார்த்தார். அவள் சிரித்தாளே தவிர, ஏணியை விட்டு அசையவில்லை. கீழே பன்னிரண்டு பயணிகள் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளுடன் அண்ணாந்து இந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் பைனா வலது பக்கம் நகர்ந்தார். அவள் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் காணாமல் போனாள்.

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. பைனாவுக்கு இரண்டு வருடங்களாக இடது பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு காலை பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பாதி முகம்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது, மூளைக்குள் படம் போகிற வழியில் ஒரு பாதியை ரத்தக்கட்டி அடைத்துவிட்டது, போனது போனதுதான். இருட்டாகத் தெரிந்தாலாவது அங்கே ஏதோ இருக்கிறது என்று தோன்றும். இது இருட்டுகூட இல்லை. அந்தப் பாதி உலகம் சொல்லிக்கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. கழுத்தைத் திருப்பினால் தெரியும். ஆனால் இல்லாத இடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

பைனா என்பது பைனாகுலரின் சுருக்கம். கண்ணாடி எதுவும் இல்லாமல் வெகு தூரத்தில் எழும்பும் திமிங்கலத்தின் மூச்சைக் கண்டுபிடிக்கிறவர் என்பதால் படகுத்துறை வைத்த பெயர். அவர் வேலையே அதுதான். மேலே உட்கார்ந்து கடலைத் துழாவ வேண்டும். கண்டதும் கடிகாரக் கணக்கில் குரல் கொடுக்க வேண்டும். படகின் மூக்கு பன்னிரண்டு மணி. வலது கை மூன்று. பின்பக்கம் ஆறு. இடது கை ஒன்பது. “ரெண்டு மணி!” என்று அவர் சொன்னால் கீழே பன்னிரண்டு தலைகளும் ஒருசேரத் திரும்பும்.

அந்தத் தலைகளுக்காகத்தான் அவர் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

என்ஜின் ரிப்பேர் கடைக்கு மேல் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு. மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருடம். மகள் வேறு ஊரில். ஞாயிறு தவறாமல் போன் வரும். சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா, சரிப்பா, வச்சிடவாப்பா. ஒரு நிமிடம் நாற்பது விநாடி. விஷயம் தெரிந்தால் மறுநாளே வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவாள். அப்புறம் மூன்றாவது மாடியில், மாப்பிள்ளை வீட்டு ஹாலில், சோபாவோடு சோபாவாக. அங்கே அவர் வாயைத் திறந்தால் யார் தலையைத் திருப்பப் போகிறார்கள்?

எனவே ஒளித்தார். ஒளிக்க ஒளிக்க ஆள் சுருங்கினார். தெருவில் இடது பக்கமாக வருகிறவர்கள் மேல் மோதினார். ஆள் திமிராகிவிட்டான் என்றார்கள். டீக்கடைப் பெஞ்சுக்குப் போவதை நிறுத்தினார். ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டுத் தட்டைக் கழுவ எடுத்தால், இடது பாதிச் சோறு அப்படியே இருக்கும். தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்து சாப்பிடுவார். நாளடைவில் அதுவும் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றே ஒன்று. பதிவு நோட்டு.

ஒவ்வொரு முறை திமிங்கலமோ டால்பின் கூட்டமோ தட்டுப்பட்டதும் அவர் அதில் எழுத வேண்டும். நேரம், எண்ணிக்கை, எத்தனை மணித் திசை. எழுதி எழுதி அலமாரியில் அடுக்கிய நோட்டுகளை இதுவரை ஒருவரும் புரட்டியதில்லை. நாலு நாளைக்கு முன்னால் இந்தப் பெண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து இறங்கினாள். கடல் பாலூட்டிகள் பற்றி ஆராய்ச்சியாம். முழுதாக மூன்று நாள் புரட்டினாள். நேற்று மாலை டிக்கெட் கொடுக்கிறவர் பைனாவை வழிமறித்து அந்தச் செய்தியைச் சொன்னார்.

“யோவ் பைனா, ரெண்டு வருஷமா ஒரு திமிங்கலம்கூட இடது பக்கம் வரலையாமே? அந்தப் பொண்ணு பெரிய கண்டுபிடிப்புன்னு குதிக்குது. கடல்லயும் ஒருவழிப் பாதை போட்டுட்டாங்களாய்யா?”

பைனா சிரித்து வைத்தார். அறைக்குப் போனதும் கதவைத் தாழிட்டார்.

இப்போது அந்தக் கண்டுபிடிப்பு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

படகு துறையைத் தாண்டி ஆழத்துக்குள் போயிற்று. கீழே சுக்கான் பிடித்திருந்தவர் கோணல். பைனாவின் வயதுக்காரர். நாள் முழுக்க அவர் பேசுவதைச் சேர்த்தால் ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். முன்பெல்லாம் நேர்க்கோடு போட்டதுபோல ஓட்டுவார். கொஞ்ச காலமாக என்ன ஆயிற்றோ, படகு பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் போகும். கோணல் என்று பெயர் வைத்ததே பைனாதான். வைத்த மறுவாரமே துறை முழுக்க அதுதான் பெயர். ஒருமுறை படகு முதலாளி டீசல் செலவைப் பார்த்துவிட்டு, பழுது சுக்கானிலா உன்னிலா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அன்றைக்குப் பலமாகச் சிரித்ததும் பைனாதான். கோணல் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

முக்கால் மணி நேரம் கடல் வெறுமையாக இருந்தது. அந்தப் பெண் சளைக்காமல் கேள்வி கேட்டாள். வெயில் எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம், என்ஜின் சத்தம் இடது பக்கம் அதிகமா. பைனா ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார். கழுத்தை மட்டும் மின்விசிறி மாதிரி இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தார். இன்றைக்கு ஒரே ஒரு தடவை ஒன்பது மணி, பத்து மணி என்று சொல்லிவிட்டால் போதும். அவள் கண்டுபிடிப்பு புஸ்ஸாகிவிடும். அவர் தப்பித்துவிடுவார்.

“ஒரு மணி!”

நீரிலிருந்து வெள்ளைப் புகை கம்பம்போல எழுந்து கலைந்தது. பன்னிரண்டு தலைகளும் திரும்பின. பக்கத்தில் போனதும் என்ஜினை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. கோணல் அணைத்தார். படகு கட்டையாக மிதந்தது. கரிய முதுகு ஒருமுறை உருண்டு உள்ளே போயிற்று. இனி அது மறுபடி எழும்வரை சத்தம் காட்டாமல் காத்திருக்க வேண்டியதுதான்.

பைனாவுக்கு இடம் தெரியும். போன திசையை வைத்துப் பார்த்தால் மூன்று மணியில்தான் எழும். வலது கையை நீட்டிக் காட்டியபடி அசையாமல் காத்திருந்தார். யாரோ ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. பிறகு பலர். படகு சாய்ந்தது. காலடிகள் தடதடவென ஒரு பக்கமாக ஓடின. நனைந்த மூட்டையை அறைந்ததுபோல ஒரு சத்தம். இன்னொரு சத்தம், கொஞ்சம் சின்னதாக.

அவர் கை இன்னும் வலது பக்கம் நீண்டிருந்தது.

“மேல இருக்கிறவர் அந்தப் பக்கம் யாருக்குங்க டாட்டா காட்டுறாரு?” என்று கீழிருந்து ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

பைனா திரும்பியபோது இடது பக்கம் தண்ணீர் மட்டும் வட்டமாக, எண்ணெய் தடவியதுபோல வழுவழுவென்று கிடந்தது. தாயும் குட்டியுமாம். கை எட்டும் தூரத்தில் வந்து நின்று, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனதாம். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, தன் பென்சிலை அவர் இடது கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கி ஆட்டினாள். அவர் இமைக்கவில்லை.

“எவ்வளவு நாளா சார்?”

பொய் கைவசம் ஏதும் மிச்சம் இல்லை. பைனா தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர், பாதி முகம், மகள், சோபா எல்லாம். இரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு நேரம் ஒருவரிடம் பேசியதில்லை. கடைசியில், எழுதுவதானால் எழுதிக்கொள்ளம்மா, உன் படிப்பைக் கெடுத்தது நான்தான் என்றார்.

அவள் நோட்டை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. எதையோ மனக்கணக்குப் போடுகிறவள் போலிருந்தாள். பிறகு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, வழக்கம்போல வேலையைப் பாருங்கள், தான் வாயைத் திறக்கப் போவதில்லை என்றாள்.

என்ஜின் மறுபடி உறுமியது. பைனா வேலையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் அவள் மூச்சு சட்டென்று நின்றது. என்னம்மா என்றார். ஒன்றுமில்லை என்றாள். படகு ஒரு வளை வளைந்தது. குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கப்படி கோணலைத் திட்டினார். மறு நிமிடம் எதிரே டால்பின் கூட்டம், முப்பதுக்குக் குறையாது, தையல் ஊசி மாதிரி நீரைக் குத்தி எழும்பிக்கொண்டிருந்தது. “ரெண்டு மணி!” என்றார். அப்படியே இன்னும் இரண்டு முறை ஆயிற்று. பயணிகள் கை தட்டினார்கள். டாட்டா என்று கேலி செய்தவரே மேலே பார்த்துக் கும்பிடு போட்டார்.

மூன்றாவது முறைக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள்.

“சார், ஒரு கணக்கு. உங்களுக்கு உடம்பு சரியில்லாம போறதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துல நானூத்திப் பதினொண்ணு பார்த்திருக்கீங்க. பாதி கடல் தெரியலன்னா அதுக்கப்புறம் இருநூறு சொச்சமாக் குறைஞ்சிருக்கணும் இல்லையா?”

“ஆமா.”

“நானூத்தி ஆறு இருக்கு.”

பைனா யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. குத்துமதிப்பாக எழுதியிருப்பேனோ என்றார். அப்படி எழுதுகிற ஆள் இல்லை நீங்கள் என்றாள் அவள். இப்போதுதான் மூன்றை நேரில் பார்த்தாளாம். தான் பார்த்து ஒரு நிமிடம் கழித்துத்தான் அவர் பார்த்தாராம்.

“நோட்டுல பார்த்தவர்னு ஒரே பேர்தான் இருக்கு சார். அதுதான் தப்பு. என்கிட்ட கேக்காதீங்க. கீழ போய்க் கேளுங்க.”

படகு துறையைத் தொட்டது. பயணிகள் மிதவைச் சட்டைகளைக் கழற்றிக் குவித்துவிட்டு, அவரவர் போனில் எடுத்த படத்தைப் பார்த்தபடியே போனார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதும் அப்படித்தான். அந்தப் பெண்ணும் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பைனா ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். கோணல் ரப்பர் குழாயைப் பிடித்துத் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் தலைக்கு மேலும் காலுக்குக் கீழுமாக உட்கார்ந்திருந்தவர்கள். கடைசியாக உட்கார்ந்து பேசியது எப்போது என்று பைனாவுக்கு நினைவில்லை. கேட்க வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று.

“நாளைலேர்ந்து நான் வரலப்பா.”

கோணல் தண்ணீரை நிறுத்தவில்லை.

“எனக்கு இடது பக்கம் தெரியறதில்ல. ரெண்டு வருஷமாச்சு.”

கோணல் குழாயை அடைத்தார்.

“ரெண்டு வருஷம் ஒரு மாசம்,” என்றார் கோணல். “டீக்கடைப் பெஞ்சுல உன் இடது பக்கம்தான் உக்காந்திருந்தேன். ‘அவன் எங்கய்யா போனான், இன்னும் காணோம்’னு கடைக்காரர்கிட்ட என்னைக் கேட்ட.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ சொல்லுவேன்னு பார்த்தேன். நீ பெஞ்சுக்கே வராம நின்னுட்ட.”

பைனா ஏணிப் படியில் உட்கார்ந்தார். நோட்டில் நானூற்று ஆறு இருக்கிறதாம், பாதிக் கடலை வைத்துக்கொண்டு தான் எப்படி அத்தனையைப் பார்த்தேன் என்று தட்டுத்தடுமாறிக் கேட்டார்.

கோணல் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். ஈரக் கையை அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு, ஒரு வாரத்துக்கான பேச்சை ஒரேயடியாகச் செலவழித்தார்.

“ஆறு மணிக்கு மேல, இடது பக்கம் வர்றதையெல்லாம் நான் பார்த்துக்கறேன். பார்த்ததும் படகை வளைச்சு உன் பக்கம் கொண்டுவந்துடறேன். ரெண்டு வருஷமா அப்படித்தானே ஓடிட்டிருக்கு.”