மாமனார் பெயர்

என் மகன் லுசூகோ அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ரஸ்டன்பர்க் சுரங்கத்தில் பூமிக்கு ஒரு கிலோமீட்டர் கீழே வேலை செய்கிறவன் அவன். அங்கேகூட இப்படி வேர்த்திருக்காது.

"என்னடா கேட்டான் அந்த ஆபீசர்?"

"அவ பல்லு விளக்குற பிரஷ் என்ன கலர்னு கேட்டாரும்மா."

"நீ என்ன சொன்னே?"

"நீலம்."

"பச்சைடா! நீ கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்த நீல பிரஷ் ஈஸ்டருக்கு முன்னாடியே தேஞ்சு போச்சு. நான்தானே கடையில பச்சை வாங்கிக் குடுத்தேன்."

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்றவன்."

"அதையும் அவன்கிட்ட சொல்லிட்டியா?"

சொல்லிவிட்டிருந்தான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். 

உம்டாட்டா குடியேற்ற அலுவலகத்தின் பெஞ்சில் நாங்கள் காலை ஆறரையிலிருந்து உட்கார்ந்திருக்கிறோம். புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பதில் பொருந்தினால் அது கல்யாணம். பொருந்தாவிட்டால் காகிதத்துக்காகக் கட்டிக்கொண்ட கள்ளக் கல்யாணம். அப்படி எழுதிவிட்டால் என் மருமகள் பதினான்கு நாளில் தன் நாடான மலாவிக்குப் போக வேண்டும். இங்கே தங்க அவளுக்குள்ள அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. பேத்திக்கு நான்கு வயது. அவள் இங்கே பிறந்தவள், அவளை யாரும் அனுப்ப முடியாது. அம்மாவை மட்டும் அனுப்புவார்கள். பிள்ளையைத் தாயோடு விடுவதா, வீட்டில் வைத்துக்கொள்வதா என்று இரண்டு ராத்திரியாக நான் கண்ணை மூடவில்லை.

"டியமிகே!" என்று கதவருகே ஒரு பெண் கூப்பிட்டாள். ஒரு நொடி எனக்கு யாரையோ கூப்பிடுவதாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பெயர் கிடையாது. கல்யாணத்தன்று நாங்கள் மருமகளுக்கு நோலுசாபோ என்று பெயர் வைத்தோம். எனக்கு என் மாமியார் நோபாந்து என்று வைத்த மாதிரி. எழுந்தாள், தலைத்துணியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள், இடுப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டாள், உள்ளே போனாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தரை வருஷத்துக்கு முன் இவளை லுசூகோ வீட்டுக்குக் கூட்டிவந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. சுரங்கத்து விடுதியின் சமையல்கட்டில் பார்த்தானாம். ஏன், எங்கள் ஊர் லிபோடேயில் பெண்களா இல்லை? இவளுக்கு வேண்டியது என் மகன் இல்லை, இந்த நாட்டுக் காகிதம் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னேன். அதனால் அவளைப் பிழிந்தெடுத்தேன். அவன் சுரங்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டான். அவள் வழக்கப்படி என்னோடு வீட்டில் இருந்தாள். மாட்டுப்பட்டிப் பக்கம் கால் வைக்காதே என்றேன். தலைத்துணி இல்லாமல் வெளியே வராதே என்றேன். முக்கியமாக, மாமனார் பெயரை வாயில் எடுக்காதே. அந்தப் பெயரின் ஒலி வருகிற எந்தச் சொல்லையும் எடுக்காதே. இதனால் எங்கள் வீட்டுப் பெண்கள் இடியை இடி என்று சொல்வதில்லை, 'மேலே சத்தம்' என்போம். நானே நாற்பத்தொரு வருஷமாக என் வீட்டுக்காரரை லுசூகோ அப்பா என்றுதான் சொல்கிறேன்.

"எங்க ஊர்ல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போய் வாயை மூடிக்கிட்டு இருப்பான்மா" என்று முதல் வாரம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இது உங்க ஊர் இல்ல" என்றேன்.

அதன் பிறகு சிரிக்கவில்லை. எனக்கு இரண்டு வருஷம் பிடித்ததை அவள் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டாள். நான் ஒரு நாளும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பேத்தி பிறந்தாள், லுசூகோ அப்பா சுரங்கத்துத் தூசியில் கெட்ட நெஞ்சோடு படுக்கையில் விழுந்தார், போன வருஷம் போனார். அதற்குள் எப்போதோ இவள் என் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். கணக்குப் பார்த்தால் என் மகனைவிட நான்தான் இவளோடு அதிகம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"என்னாச்சு?"

"பெரியவர் பேரைக் கேட்டாங்கம்மா."

"சொன்னியா?"

தலையை ஆட்டினாள். இல்லை.

"எழுதியாவது குடுத்திருக்கலாமே!" என்று லுசூகோ கத்தினான். "நான் சொல்லிட்டேனே. ஒரே ஒரு வார்த்தை!"

"உனக்கென்ன, ஆம்பளை. பேனாவைக் குடுத்தாங்க. கை வரல." என்னைப் பார்த்தாள். "நீங்க கதவுக்கு வெளியதானே உட்காந்திருக்கீங்கம்மா. எனக்கு எப்படி வரும்?"

என்னை யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவளை இந்த வீட்டுக்காரியாக ஆக்கிய அதே கையால் வீட்டைவிட்டுத் துரத்துகிறேன். எனக்குக் கோபம் வந்தால் கால் தானாக நடக்கும். கதவைத் தட்டாமல் உள்ளே போய்விட்டேன். அவளும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த மகாட்லா என்ற அந்த ஆபீசருக்கு என் மகன் வயதுதான் இருக்கும்.

"அம்மா, உங்களைக் கூப்பிடலையே. வெளிய உட்காருங்க."

"கூப்பிடாட்டி என்ன? நான் இவ மாமியார். இவளுக்குத் தெரியாம இல்ல. சொல்லக் கூடாதுன்னு நான்தான் பழக்கியிருக்கேன். நீயும் நம்ம கோசா இனத்துப் பிள்ளைதானே? உங்கம்மா உன் தாத்தா பேரைச் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

"ஒரு தடவைகூட இல்லம்மா."

"அப்புறம் என்ன?"

அவன் பக்கத்திலிருந்த கோப்புகளைத் தட்டினான். "இந்த மாசத்துல மட்டும் மூணு பேர் இதையே சொன்னாங்க. 'எங்க வழக்கம் சார், மாமனார் பேர் சொல்ல மாட்டோம்'னு. விசாரிச்சா மாமனாரும் இல்ல, மாமியாரும் இல்ல. எவனோ புரோக்கர் சொல்லிக் குடுத்திருக்கான். பேர் தெரியாதவளுக்கு இதைவிட நல்ல சாக்கு என்ன இருக்கு, சொல்லுங்க? புருஷன் ரஸ்டன்பர்க்ல, இவ லிபோடேல. பிரஷ் கலர்கூடப் பொருந்தல. இந்தக் கட்டத்தையும் நான் காலியா விட்டா மேல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. காகிதத்தில் அவன் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். ஒரு விரல் நீளக் கட்டம். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு குடும்பம் விழுந்து சாகப்போகிறது.

அப்போது அந்தப் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும் சத்தமாகச் சொன்னேன். முன்னோர்களுக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும், இந்தப் பெண்மேல் வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் சொன்னேன். நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. இங்கே திரும்பச் சொல்ல மாட்டேன், ஒரு தடவை போதும். எனக்குப் பின்னால் நோலுசாபோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தியா, நானே சொல்லிட்டேன். இப்போ அவளும் சொல்லுவா. சொல்லுடி!"

மகாட்லா பேனாவைக் கீழே போட்டான். "ஐயோ, அம்மா! என்ன காரியம் பண்ணிட்டீங்க? இனிமே அவங்க சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? நீங்க சொன்னதைக் கேட்டுச் சொன்னாங்கன்னுதானே நான் எழுதணும்? அந்தக் கேள்வியே கெட்டுப்போச்சு."

 நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். காப்பாற்றுகிறேன் என்று வந்து மிச்சமிருந்த ஒரு வழியையும் நானே அடைத்துவிட்டேன்.

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "சரி. ஒரே ஒரு தடவை. நீங்க அந்தச் சுவரைப் பாத்து உட்காருங்கம்மா. வாயைத் திறந்தா வெளிய அனுப்பிடுவேன்." அவளிடம் திரும்பினான். "உங்க மாமனாரைப் பத்தி ஏதாவது சொல்லுங்க. யாருமே உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்க முடியாத ஒண்ணு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்திருந்தது. அவளுக்கு எத்தனையோ தெரியும். கஞ்சிக்குச் சர்க்கரை போட மாட்டார். இடது காது கேட்காது. மூக்குப்பொடி டப்பாவைத் தலையணைக்கு அடியில் வைப்பார். சொல்லேன், எதையாவது சொல்லேன் என்று என் முதுகாலேயே அவளைக் கெஞ்சினேன். 

"ஒண்ணு இருக்கு சார்" என்றாள் கடைசியில். "ஆனா அம்மா முன்னாடி சொல்ல முடியாது."

"ஏன்?"

"அவங்க மனசு உடைஞ்சிரும்."

"நீங்க சொல்லலைன்னா நான் எழுதப்போறது அதைவிட மோசமா உடைக்கும்."

"சொல்லித் தொலைடி" என்றேன் சுவரிடம்.

"அம்மா!" என்று அதட்டினான் மகாட்லா.

அவள் மெல்ல ஆரம்பித்தாள். "வியாழக்கிழமை அம்மா சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு சர்ச்சுல பொம்பளைங்க ஜெபத்துக்குப் போவாங்க. அப்போ பெரியவருக்குத் துணை நான்தான். நான் அவர் அறைக்குள்ள போகக் கூடாது. வாசலுக்கு வெளிய பாயில முதுகைக் காட்டிக்கிட்டு உட்காருவேன். கஞ்சியைப் பாப்பாகிட்ட குடுத்து அனுப்புவேன். கடைசி ஆறு மாசம் அவருக்குக் காய்ச்சல்ல புத்தி கொஞ்சம் அலைஞ்சுது. அப்போ..."

"அப்போ?"

"ஒரு பொம்பளையைக் கேப்பாரு சார். வியாழக்கிழமை தவறாம கேப்பாரு. 'கன்யிசா வந்துட்டாளா? அவளுக்குக் கொய்யாப்பழம் எடுத்து வெச்சிருக்கேன். நோபாந்துகிட்ட சொல்லிடாதே'ம்பாரு. நோபாந்துங்கிறது எங்கம்மா. நான், 'இன்னும் வரலை, வந்தா சொல்றேன்'ம்பேன். உடனே சமாதானமாயிடுவாரு. அவரு சொல்லாதேன்னாரு, நான் சொல்லல. வயசான காலத்துல அம்மா எதுக்கு வேதனைப்படணும்? அந்தக் கன்யிசா யாருன்னு எனக்குத் தெரியாது சார். செத்தவரைத் தப்பாப் பேசினதா நினைக்காதீங்க." பிறகு என் முதுகைப் பார்த்து அழுதாள். "மன்னிச்சிருங்கம்மா."

பொரிந்த சுண்ணாம்பு என் கண்ணில் கலங்கிப்போனது.

எனக்குப் பதினேழு வயது. என் அப்பாவின் ஊர், ஆற்றங்கரை. ஒரு பையன் தொப்பி நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவருவான், பாதி அணில் கடித்ததாக இருக்கும். கன்யிசா என்று கூப்பிட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அடுத்த வருஷம் அவன் வீட்டுக்கே மருமகளாக வந்தேன். வாசலிலேயே எனக்கு நோபாந்து என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து அவரும் நோபாந்து என்றார். சுரங்கத்துக்குப் போனார், வந்தார், போனார். கொய்யாப்பழம் பிறகு வரவேயில்லை. அந்தப் பெயரை அறிந்த என் பெற்றோரும் தங்கைகளும் எப்போதோ போய்விட்டார்கள். அவரும் மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பின்னால் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அவளோடு ஒரே வீட்டில் இருப்பதாக நான் கொடுத்திருந்த வாக்குமூலமும் அதோடு என் அடையாள அட்டையின் நகலும் அந்தக் கோப்பில்தான் இருந்தன. மகாட்லா அதைத்தான் தேடியிருக்கிறான்.

"அம்மா, இப்படித் திரும்புங்க. உங்க அட்டையில என்ன பேர் இருக்கு?"

 அவனே நகலைத் திருப்பி நோலுசாபோவிடம் காட்டினான். அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அப்படியே தரையில் முழங்காலிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மகாட்லா கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தான் எழுதியிருந்த ஒரு வரியை அடித்தான். பிறகு வெகுநேரம் எழுதினான். பேனாவை எடுக்காமலே கேட்டான்: "அம்மா, அந்த பிரஷ் என்ன கலர்?"

"பச்சை" என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"இவங்களும் பச்சைன்னுதான் சொன்னாங்க. உங்க மகன் மட்டும்தான் தப்பு." முத்திரையை எடுத்துக் குத்தினான். "உண்மையான குடும்பம்னு எழுதி மேல அனுப்புறேன். முடிவு வர ஆறு மாசம் ஆகலாம். அதுவரைக்கும் இந்தச் சீட்டு கையில இருந்தா யாரும் அவங்களை அனுப்ப முடியாது. பத்திரமா வெச்சுக்குங்க."

சீட்டை நான் வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். ஆறு மாதம் இன்னும் தூங்காமல் இருக்கலாம், பழக்கம்தான்.

வெளியே லுசூகோ பெஞ்சிலிருந்து குதித்தெழுந்தான். "என்னம்மா ஆச்சு? ரெண்டு பேரும் ஏன் அழறீங்க?"

"போய் வண்டியில இடம் பிடிடா. பிரஷ் கலர் தெரியாதவனுக்கு எல்லாம் சொல்லணுமா?"

அவன் ஓடினான். வாடகை வண்டிகள் நிற்கும் இடத்தில், சுட்ட சோளம் விற்கிறவர்களின் கூச்சலுக்கு நடுவே, நான் அவள் கையைப் பிடித்தேன். ஐந்தரை வருஷத்தில் அவளிடம் நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

"நோலுசாபோ. அவர் எப்படிக் கூப்பிட்டாரு? அதே மாதிரி எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலைத்துணியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணைத் தாழ்த்தினாள்.

"மாட்டேன்மா. அப்போ எனக்குத் தெரியாது. இப்போ அது என் மாமியார் பேருன்னு தெரிஞ்சுபோச்சே."

நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன். அந்தப் பெயர் சொல்லி என்னைக் கூப்பிட இனி ஒருவரும் இல்லை.