உரிமச் சீட்டு எங்கே?

"ஜோ! ஜோ!"

யாரோ கத்தியதுதான் தாமதம், ஓடைக்கரையில் மண்ணை அலசித் தங்கம் தேடிக்கொண்டிருந்த ஆறாம் வகுப்பு மொத்தமும் தட்டுகளைப் போட்டுவிட்டு எழுந்தது. உரிமம் சோதிக்கச் சிப்பாய் வருகிறான் என்று அந்தக் காலத்துத் தங்கவேட்டைக்காரர்கள் போட்ட கூச்சல் அது. பேருந்தை விட்டு இறங்கியதுமே அந்தக் காலத்தில் போலவே, தங்கம் தோண்ட ஆளுக்கொரு உரிமச் சீட்டு கொடுத்திருந்தார்கள். சீட்டில்லாமல் அகப்பட்டால் மரக்கட்டையோடு சங்கிலி!

சரிவில் ஒரு சிப்பாய் இறங்கி வந்தார். சிவப்புக் கோட்டு, ஒட்டு மீசை. வகுப்போடு நின்ற நெரிடா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மீசைக்குப் பின்னால் இருந்தது அவள் அப்பா க்ளெம்.

பழைய தங்கவயலை வேஷம் போட்டு நடித்துக்காட்டும் இந்த க்ரோகன் மேட்டுக் காட்சியகத்தில் அவருக்கு இது சோதனை வேலையின் மூன்றாம் நாள், கடைசி நாள். முதுகு போனபின் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற வேலை போயிற்று. இதுவும் இல்லையென்றால் மேற்கே சுரங்கத்துக்குச் சமையல்காரராகப் போகவேண்டும். மாதம் ஒருமுறைதான் வீடு. "ஆள் தங்கம்தான். ஆனா சத்தம் வரலியேப்பா," என்று மேலாளர் மிஸஸ் பாஸ்கோ நேற்றே சொல்லிவிட்டாள். இப்போது கடை வாசலில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க... உங்க சீட்டையெல்லாம் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்றார் அப்பா.

ஒரே சிரிப்பு.

"ஐயோ மிஸ், பயமா இருக்கு!" என்று டீச்சர் பின்னால் ஒளிந்து காட்டினான் டார்சி.

"சார், மீசை விழுது, பிடிங்க!" என்றாள் நெரிடாவின் தோழி ஷோனா.

அப்பா நிஜமாகவே பிடித்தார். அதற்கும் சிரிப்பு. மிஸஸ் பாஸ்கோ கடிகாரத்தைப் பார்த்தாள்.

'நீ என்னைப் பாக்காத, நானும் உன்னைப் பாக்கமாட்டேன். பாத்தா வசனம் மறந்துடும்,' என்று காலையில் அப்பா சொல்லியிருந்தார். இப்போது பார்க்காமலே மறந்துவிட்டதே! அவருக்கா குரல் இல்லை? ஆடு வேலி தாண்டினால் அவர் போடுகிற சத்தத்தில் பக்கத்துப் பண்ணை நாய்கூட உட்காருமே!

நெரிடா தன் சீட்டை எடுத்தாள். நாலாகக் கிழித்தாள். வாயில் போட்டு மென்றாள்.

"என்கிட்ட சீட்டு இல்ல! என்ன பண்ணுவ, தக்காளிக் கோட்டு?"

சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தாள். ஏறக்கூடாது என்று கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, ஓடைக்கு மேலே உயரத்தில் தண்ணீர் போகும் மரக் கால்வாயின் விளிம்பில் ஏறி நின்றாள். ஈரப் பலகை. ஒரு கால் சர்ரென்று வழுக்கியது.

"நெரிடா ஆலிவ் ட்ரெகியர்! இறங்குடி கீழே! இந்த நிமிஷம்!"

அப்பா போட்ட சத்தத்தில் கொல்லன் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. வண்டிக் குதிரைகள் காதை விடைத்தன. சுற்றுலா வந்த ஒருவர் கையிலிருந்த இறைச்சி அடைத்த ரொட்டி தொப்பென்று மண்ணில் விழுந்தது. டார்சி சீட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். அவனைப் பார்த்து வகுப்பே தூக்கியது.

இறங்கியவளின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப்போனார் அப்பா. மரக்கட்டையோடு சங்கிலி மாட்டினார்.

"விழுந்திருந்தா என்னடி ஆகிறது?" என்று பல்லைக் கடித்தார், மெல்ல.

"அப்புறம் திட்டுங்கப்பா. மத்தவங்க காத்திருக்காங்க, போங்க!"

அவர் நிமிர்ந்தார். "அடுத்தவன் எவன்? எடு சீட்டை!"

கூட்டம் ஹோவென்று ஆர்ப்பரித்தது. "இன்னொரு தடவை சார்!" என்று டார்சியே கத்தினான். அப்பா வரிசையாக ஒவ்வொருவரையும் அதட்டி முடித்தபோது மீசை கழுத்துப் பட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மிஸஸ் பாஸ்கோ இறங்கி வந்தாள். மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தவளையும் சிப்பாயையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல எட்டரைக்கு வந்துடு, க்ளெம். ஆனா உம் பொண்ணைத் தினமும் ஸ்கூல்லேர்ந்து இங்க கூட்டிட்டு வரமாட்டாங்களே, அதுக்கு என்ன பண்ணப்போற?"