சத்து மாத்திரை

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவளை எல்லோரும் முத்திரையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊரில் பிறந்தவர்களும் இறந்தவர்களும் அவள் மேஜையைத் தாண்டித்தான் போனார்கள். அவள் சரிபார்த்து முத்திரை குத்திய சான்றிதழில் ஒரு புள்ளி தப்பியது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். விண்ணப்பத்தை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு வருகிறவர்களை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள்.

ஐம்பத்தோராவது வயதில் மாதவிலக்கு நின்றது. விட்டது சனியன் என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் பிடித்தது. கவுன்டரில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஓர் அனல் கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். எதிரே நிற்பவர் பேசுவது காதில் விழாது. அடுத்த நிமிஷம் முதுகு தொப்பலாக நனைந்து, மின்விசிறிக் காற்றில் குளிர் எடுக்கும். தூக்கம் போயிற்று. ஒரே பெயரை மூன்று தடவை படித்தாலும் மனதில் நிற்கவில்லை.

அவள் கணவர் மருந்துக்கடைக்காரர். கடைவீதி முனையில் சொந்தக் கடை. பாதி ஊர் டாக்டரிடம் போகும் முன் அவரிடம்தான் நாக்கை நீட்டும். அவளும் அவரிடம்தான் முதலில் சொன்னாள். உலகத்துப் பெண்களுக்கெல்லாம் வருவதுதான், விசிறிக்கு நேரே போய்ப் படு என்றார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரைக் கேட்காமலே பெண் மருத்துவர் ஒருவரைப் போய்ப் பார்த்தாள். மருத்துவர் ரத்தப் பரிசோதனை, மார்பகப் படம் எல்லாம் எடுத்துப் பார்த்துத் தினம் ஒன்று என்று ஹார்மோன் மாத்திரை எழுதினார். முதல் சில மாதம் மார்பு கனக்கும், வயிறு உப்பும், லேசாகத் தலைவலிக்கும், துளித்துளியாக ரத்தம் படலாம், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், அதிகமானால் உடனே வாங்க, நீங்களாக மட்டும் நிறுத்தாதீங்க என்று பொறுமையாகச் சொன்னார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

மருத்துவர் சொன்னதெல்லாம் அப்படியே வந்தது. மார்பில் புடவைத் தலைப்புப் பட்டால்கூட வலித்தது. பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் மூன்றாவது வாரமே அனல் அடங்கிவிட்டது. படுத்தால் விடியும்வரை அடித்துப் போட்டது போலத் தூங்கினாள். அலுவலகத்தில் பழையபடி ஒரே பார்வையில் பிழையைப் பிடித்தாள், பிடித்த கையோடு திட்டவும் திட்டினாள்.

வீட்டில்தான் ஒத்துவரவில்லை. படுக்கை விரிப்பில் சிவப்பாக ஒரு பொட்டைப் பார்த்துவிட்டு, இந்த வயசில் மறுபடியும் இதென்ன கண்றாவி என்று மருந்துக்கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். அவர் கை மேலே பட்டால் வலி தாங்காமல் அவள் விலக்கினாள், அதற்கும் சுளித்தார். நன்றாகத் தூங்கி எழுந்தவளுக்குக் குரலும் வந்திருந்தது. நாத்தனார் ஒரு மாதம் தங்க வருகிறாள் என்று அவர் சொன்னபோது, "தாராளமா வரட்டும். சமையல் மட்டும் நீங்க பாத்துக்குங்க" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டு மாதம் ஆனதும் அவர் மாத்திரைகளை ஒரு சின்னப் பிளாஸ்டிக் புட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கம்பெனி மாறிவிட்டது, மருந்து அதேதான், தினமும் அட்டையைக் கிழித்துக்கொண்டிருக்க வேண்டாமென்று நானே பிரித்துப் போட்டுவிட்டேன் என்றார். அவளுக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று. புட்டியைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.

சில நாளில் ரத்தம் படுவது நின்றது. மார்பு வலியும் போயிற்று. மருத்துவர் சொன்னபடியே அடங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் மூன்று வாரம்கூட நிற்கவில்லை. அனல் திரும்பி வந்தது, முன்னைவிட மூர்க்கமாக. தூக்கம் மறுபடியும் போயிற்று. மருத்துவரிடம் போகிறேன் என்றால், நான் போனில் பேசிவிட்டேன், சிலர் உடம்புக்கு அப்படித்தான் இருக்குமாம், விடாமல் சாப்பிடச் சொன்னார் என்று கணவர் தடுத்தார். மருந்து விஷயத்தில் அவர் பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டாள். கோளாறு மருந்தில் இல்லை, தன்னிடம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டாள். தொட்டதற்கெல்லாம் அழுதாள். அண்ணி ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறாள் என்று நாத்தனார் உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள்.

புட்டி கைக்கு வந்த நாலாவது மாதம் ஒரு நாள், குழாய் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் கவுன்டருக்கு வந்தார். இறந்துபோன அம்மா பேரில் இருந்த வீட்டு மின் இணைப்பைத் தன் பேருக்கு மாற்றப் போனாராம். இறந்தவர் பேருக்கு மாற்ற முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். முத்திரையம்மா சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். இறந்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் அவருடைய அம்மாவின் பெயர். கீழே அவளுடைய முத்திரை.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.

"என்னைச் சாகடிச்சதுகூடப் பரவாயில்லம்மா. எங்கம்மாவை உயிரோட வச்சிருக்கீங்களே, அவங்கள நான் எங்க போய்த் தேடுறது?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து அனல் ஏறியது. முகமெல்லாம் வேர்த்து வழிய, அவள் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். குடித்துவிட்டு வந்திருக்கிறாளா என்று வரிசையில் நின்ற ஒருத்தி கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

அவளைவிடப் பதினைந்து வயது சின்னவரான பதிவாளர் பழைய சான்றிதழ்களை எடுத்துப் பார்க்கச் சொன்னார். இன்னும் ஆறு பிழை அகப்பட்டது. ஒரு பெண் குழந்தையை ஆணாக்கியிருந்தாள். ஒருவரைப் பிறப்பதற்கு முந்தின வருஷமே கொன்றிருந்தாள். முத்திரையை வாங்கிப் பூட்டிவிட்டு, ஜன்னல் இல்லாத பழைய கோப்பறைக்கு அவளை அனுப்பினார்கள். மேஜையைக் காலி பண்ணும்போது பக்கத்து இருக்கைக்காரர், "நான் இருக்கேனா, போய்ட்டேனான்னு ஒரு தடவை பார்த்துச் சொல்லிட்டுப் போங்கம்மா" என்றார். அலுவலகம் முழுக்கச் சிரித்தது. அவளிடம் திட்டு வாங்கிய அத்தனை பேருக்கும் அன்று வட்டியும் முதலுமாகக் கிடைத்தது.

மண்டை பிளக்கிற தலைவலியோடு அன்று மத்தியானம் கடைக்குப் போனாள். கணவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே பத்து வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண்தான் இருந்தாள். தலைவலிக்கு ஒன்று கேட்டுவிட்டு, இந்த ஹார்மோன் மாத்திரையாலும் தலைவலி வரும்தானே என்று முத்திரையம்மா கேட்டாள்.

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். "அதை நிறுத்தி நாலு மாசம் ஆச்சேக்கா. உங்க ஒருத்தருக்காகத்தான் வரவழைச்சோம். இனிமே வேண்டாம்னு அண்ணன்தான் சொன்னார்."

முத்திரையம்மா கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிப் புரட்டிப் பார்த்தாள். கடை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"இது வெறும் சத்து மாத்திரைக்கா. சின்னப் பிள்ளைங்களுக்குக்கூடக் குடுக்கலாம்."

வீட்டுக்குப் போனபோது அவர் தயிர் சோறு பிசைந்துகொண்டிருந்தார். புட்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இது என்ன மாத்திரை என்று கேட்டாள். அவர் பதறவில்லை. பிசைவதையும் நிறுத்தவில்லை.

"உன் நல்லதுக்குத்தான். அந்தச் சனியனைத் தின்னா புத்துநோய் வரும்னு போட்டிருக்கான்."

மருத்துவர் அதையும் விளக்கித்தானே கொடுத்தார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றாள் அவள். அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார். "அதைப் போட்டதிலிருந்து நீ நீயாவே இல்ல. எதிர்த்து எதிர்த்துப் பேசுற. எனக்குப் பழைய ஆள் போதும்" என்றார். பிறகு, மோர் இருக்கிறதா என்று கேட்டார்.

அவள் மோரை ஊற்றினாள். அவரும் ரத்தக் கொதிப்புக்காரர்தான். காலையில் இரண்டு மாத்திரையை அவர் கையில் அவள் வைப்பாள், அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே வாயில் போட்டுக்கொள்வார். ஊருக்கெல்லாம் கொதிப்பு அளந்து சொல்கிறவர், தன் கையில் ஒரு நாளும் கருவியைக் கட்டிப் பார்த்ததில்லை.

"நானும் உங்களுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்" என்றாள். "நாலு மாசமா நான் உங்க கையில வைக்கிறதும் சத்து மாத்திரைதான்."

அது பச்சைப் பொய். ஒரு நாள்கூட அவள் மாற்றி வைத்ததில்லை. அப்படி ஒரு எண்ணமே அந்த நிமிஷம்வரை அவளுக்கு வந்ததில்லை. ஆனால் வாய்க்குக் கொண்டுபோன அவர் சோற்றுக் கை அப்படியே நின்றதைப் பார்த்தபோது, பல மாதமாக இல்லாத ஒரு குளுமை அவள் நெஞ்சில் இறங்கியது.

அவர் எழுந்து கடைக்கு ஓடினார். பயத்தோடு அளந்தால் எந்தக் கொதிப்பு இறங்கும்? அளக்க அளக்க ஏறியது. விட்டுப்போன நாலு மாதத்தையும் ஈடுகட்டுகிறவர் போல ஒன்றுக்கு மூன்றாக மாத்திரை போட்டார். மூன்றாம் நாள் கல்லாவிலிருந்து எழுந்தவர் கண் இருட்டி, கண்ணாடி அலமாரி மேலேயே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. முன்பல் இரண்டு போயிற்று.

எப்படி இவ்வளவு மாத்திரை உள்ளே போனது என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, மறந்து போட்டுவிட்டேன் என்றார். மனைவியைக் காட்டிக்கொடுத்தால் தான் செய்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் அந்த வாரமே பெண் மருத்துவரிடம் போய், ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மறுபடியும் மாத்திரையை ஆரம்பித்தாள். மார்பு வலி திரும்பியது, வயிறு உப்பியது. பொறுத்துக்கொண்டாள். நன்றாகத் தூங்கினாள். முத்திரை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இருக்கைக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பல் போன வாயில் பேச்சு குழறியது.

"நெஜமாவே மாத்தினியா? எத்தனை நாள்? டாக்டர்கிட்ட சொல்லணும்ல... உள்ள என்னென்ன கெட்டுப்போச்சோ."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். புட்டி மாத்திரையைத் தான் விழுங்கிய நாட்களை அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

"நூத்திப் பதினெட்டு நாள்" என்றாள்.

மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, கஞ்சி கொண்டுவந்த பாத்திரத்தைக் கழுவப் போனாள்.