சொன்னபடி வீசிய காற்று

அந்த ஆய்வுக்கூடத்துக் காற்று, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலிலிருந்து, கணினி சொன்னபடி வீச ஆரம்பித்தது. ஒலியைவிட ஐந்து மடங்கு வேகத்தில் பாயும்போது காற்று நசுங்கும், கொதிக்கும், கோடிச் சுழிகளாகச் சிதறும். அத்தனையையும் எண்ணி முடிக்க எவருக்கும் ஆயுள் போதாது. ஆகவே சமன்பாட்டில் ஓர் எண்ணைச் செருகி, விடை சோதனைக்கு ஒத்துவரும்வரை திருகுவார்கள். இதற்கு ஆராய்ச்சி என்று பெயர். அதில் கைதேர்ந்த பொறியாளரைத் திருகாணி என்றே அழைத்தார்கள். பதினாறு வருடம் திருகியதில் இரண்டு பதவி உயர்வும் ஒரு முதுகுவலியும் கிடைத்தன. கடைசியில் காற்றுக்கே சலித்துவிட்டது போலும். அவர் எண்ணைக் குறைத்தால் காற்றைப் பாய்ச்சிப் பார்க்கும் சோதனைக் குழாயில் சூடு குறைந்தது, கூட்டினால் கூடியது.

இயக்குநருக்கு ஏக மகிழ்ச்சி. “நம்ம புது விமானத்தோட இறக்கைச் சூடு அளவுக்குள்ள வர்ற மாதிரி ஒரு எண்ணைப் போட்டுடுங்க,” என்றார். போட்டார், வந்தது. வெள்ளிக்கிழமை விமானம் பறக்கும் என்று பலகையில் தாள் ஒட்டினார்கள். ஓட்டப்போகிறவன் திருகாணியின் மைத்துனன்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, குழாய்ல இருக்கிற காத்து உங்க பேச்சக் கேக்குது, சரி. மேல இருக்கிற காத்துக்கு யாரு போய்ச் சொன்னா?”

“சுற்றறிக்கை அனுப்பணும்.”

“என் தம்பி உயிரு உங்களுக்கு நக்கலா இருக்கா?”

அதன்பின் அவருக்குப் பழைய தாள் ஒன்று நினைவுக்கு வந்தது. ஐந்து வருடம் முன்பு ஆளில்லாத விமானம் ஒன்று வானத்தில் அளந்துவந்த சூடு, கணக்கோடு ஒத்துப்போகாத குற்றத்துக்காக, ‘கருவிக் கோளாறு’ என்று அவர் கையாலேயே எழுதப்பட்டு இழுப்பறையில் கிடந்தது. வியாழக்கிழமை, இயக்குநர் முன்னிலையில் கடைசிச் சோதனை. திருகாணி அந்தப் பழைய அளவுக்கு எண்ணைத் திருகினார். குழாய்க்குள் வைத்த மாதிரி இறக்கை மெழுகாய் உருகி வழிந்தது.

“யோவ், முன்ன போட்ட எண்ணையே போடுய்யா!” என்றார் இயக்குநர்.

“போடலாம் சார், நாளைக்கு நீங்களும் கூட ஏறி உக்காந்தா.”

பறப்பு ரத்தானது. மைத்துனன் வந்து குதித்தான். “பேப்பர்ல என் போட்டோ வந்திருக்கும், கெடுத்துட்டீங்களே மாமா!”

“வந்திருக்கும்டா, கறுப்புக் கட்டம் கட்டி,” என்றாள் அக்கா.

இறக்கை உருகியதற்குக் காற்றே பொறுப்பு என்று கண்ட விசாரணைக் குழு, அது நிரந்தரப் பணியாளர் அல்ல என்பதால் நடவடிக்கைக்கு வழியில்லை என்று கோப்பை மூடியது. நான்கு வருடம் கழித்து, தடித்த இறக்கையோடு மைத்துனன் பறந்து, பசியோடு இறங்கினான். குழாய்க் காற்று இன்றும் சொன்னபடிதான் வீசுகிறது. கோடையில் குழாயிலிருந்து ஏறும் சூடு தாங்காமல் மேல்மாடி எழுத்தர்கள் போன் செய்து எண்ணைக் கொஞ்சம் இறக்கச் சொல்வார்கள். திருகாணியும், எழுத்துமூலம் கேட்டால், இறக்குவார்.