இருபத்தைந்து சொல்லுக்குள்

காப்பகத்துப் பெண் அந்த நீலத் தாளை மேசைமேல் வைத்தபோது, தையல்காரம்மா பையிலிருந்து கண்ணாடியை எடுக்கவே இல்லை. கையகல அச்சுத்தாள். மேலே ஒரு முத்திரை, கீழே ஒரு முத்திரை, நடுவில் பதினொரு வயதில் அவள் எழுதிய எழுத்து. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடலோடு போயிருக்கும், கரையான் தின்றிருக்கும் என்று எத்தனையோ ராத்திரி தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். அது அப்பாவின் வேதபுத்தக உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்திருக்கிறது.

“அப்பா ஒரு துண்டுச் சீட்டக்கூட தூக்கிப் போட்டதில்லைங்க,” என்றான் தம்பி. “எல்லாம் பத்திரமா இருக்கு. என் கல்யாணப் பத்திரிகையத்தான் காணோம்.”

அவன் போர் முடிந்து பிறந்தவன். அதனால் தெருவில் அவனுக்குச் ‘சமாதானம்’ என்று பட்டப்பெயர். அந்தப் பெயருக்கு ஏற்றமாதிரி ஒரு நாளும் வாயை மூடி இருந்ததில்லை. அப்பாவின் பெட்டியைத் திருச்சபைக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றது அவன்தான். அதிலிருந்து சிலவற்றை எடுத்து ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்கள். அதன் பக்கத்தில் நின்று இவன் பேசவேண்டும்.

அப்பா உபதேசியார். சபை கூப்பிட்டதென்று, மனைவியோடும் இரண்டு வயது மகளோடும் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவர். மொழி தெரியாத தெருவில் வாடகைக்கு இரண்டு அறை. அடுத்தவளும் பிறந்து, கொஞ்சம் வேர்விடத் தொடங்கிய நேரத்தில், இன்னொரு கடல் தாண்டித் தோட்டத்துத் தொழிலாளர்களுக்குப் பிரசங்கிக்க ஒரு வருடம் போய்வரச் சொன்னார்கள். போனார். நடுவில் போர் வந்து விழுந்தது. ஒரு வருடம் ஐந்து வருடமாயிற்று. கடிதம் நின்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த நீலத் தாள் மட்டும் போகலாம், அதிலும் இருபத்தைந்து சொல்லுக்கு மேல் கூடாது என்றார்கள். ஒரு சொல் கூடினாலும் தாள் திரும்பி வந்துவிடும்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அடுப்படியில் சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு சொல்வாள், மூத்தவள் விரல்விட்டு எண்ணி எண்ணி எழுதுவாள். இரண்டு சொல்லைச் சேர்த்து ஒன்றாக்குவதில் அவள் கெட்டிக்காரி. அந்த முறை அம்மா சொன்னது கொஞ்சம்தான். சின்னவளுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வருகிறது, இரண்டு மாதமாக விடவில்லை, எலும்பும் தோலுமாகிவிட்டாள், எப்படியாவது புறப்பட்டு வரவேண்டும். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்தினாள்.

எழுதியவளுக்கு அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைத்திருந்தது. அப்பா போகும்போது அவளுக்கு எட்டு வயது. தன் மகள் படிப்பில் எப்படி என்று அவருக்கு எதுவுமே தெரியாது. தாள் போய்ச்சேர ஆறு வாரமாகும், அதற்குள் காய்ச்சல் தானாக விட்டுவிடாதா, கடல் கடந்திருக்கிற மனிதரை வீணாகக் கலங்கடிப்பானேன், பரிசை எழுதினால் இதற்கு இடமுமில்லை, அடுத்த தாளில் எழுதிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதென்ன, தோன்றும்படி அவளே தனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

“எழுதிட்டியா? படி, கேப்போம்,” என்றாள் அம்மா.

தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத காய்ச்சலையும் இல்லாத அழைப்பையும் ஒன்றுவிடாமல் படித்தாள். அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஆமென் சொன்னாள்.

பிறகு நடந்தது சபையில் எல்லோருக்கும் மனப்பாடம். குடும்பத்திடம் திரும்புகிறவர்களுக்கென்று ஒரு கப்பல் வந்தது. உபதேசியாருக்கு இடம் கிடைத்தது. முந்தின நாள்தான் வீட்டிலிருந்து நல்ல செய்தி வந்திருந்ததால், வேறொரு பிள்ளைக்குட்டிக்காரருக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். அந்தக் கப்பல் கரை சேர்ந்த இருபதாம் நாள் சின்னவள் கண்ணை மூடினாள். அந்த நல்ல செய்தி ஏதோ பழைய தாள், தான் சொன்ன தாள் போய்ச்சேரவே இல்லை என்றுதான் அம்மா கடைசிவரை நம்பினாள். தம்பி இதைப் பிரசங்கம்போலச் சொல்வான். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தையல்காரம்மா அந்த இடம் வரும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள்.

இப்போது காப்பகத்துப் பெண் தாளை மெல்ல அவள் பக்கம் திருப்பினாள். “இதுல ஒண்ணு புரியலம்மா. ஒவ்வொரு சொல்லுக்கும் மேல பென்சில்ல நம்பர் போட்டிருக்கு. சென்சார்காரங்க போட்டதா?”

இல்லை. தையல்காரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். கழுத்தை நீட்டி எழுதும் அந்த ‘2’ அப்பாவுடையது.

*கர்த்தருடைய கிருபையால் இங்கே அனைவரும் சுகம். தங்கள் சுகம் அறிய ஆவல். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அம்மா தைரியமாக இருக்கிறார்கள். நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். பேனா பரிசு கொடுத்தார்கள். ஜெபித்துக்கொள்ளுங்கள். மகள்.*

எண்கள் இருபத்துநான்கோடு நின்றன. அதற்குப் பக்கத்தில், வெறும் இடத்தில், பென்சிலால் ஒரு சின்னக் கோடு. அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். அன்றைக்கு ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்பதை வாத்தியார் சொன்னபடி சேர்த்து எழுதிவிட்டு, விரலில் மட்டும் இரண்டாக எண்ணியிருக்கிறாள். இடமில்லை, இடமில்லை என்று இத்தனை காலம் தன்னிடம் வாதாடியதெல்லாம் போயிற்று. பேனா பரிசு வரியை அப்படியே வைத்துக்கொண்டுகூட, ‘வாருங்கள்’ என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம்.

அப்பா திரும்பி வந்து, சின்னவள் இறந்த தேதியையும் அம்மா சொல்லியனுப்பியதையும் கேட்டு, இந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறார். எந்த விளக்கடியில், எந்த நாளில் என்று தெரியவில்லை. அவர் வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருடமாகியிருந்தது. சின்னவள் போன வாரத்திலிருந்து பேனாவைத் தொடமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். ஏனென்று யாருக்கும் விளங்கவில்லை. நீங்களாவது கண்டித்துச் சொல்லுங்கள் என்று அம்மா அவரிடம் அழுதாள். ஜெபத்துக்குக் கொஞ்சம் பிந்தினாலே முழங்காலில் நிற்கவைக்கிற மனிதர், அன்று அவளை வெகுநேரம் பார்த்துவிட்டு, “விடு. அவ போக்குல இருக்கட்டும்,” என்றார். தன்மேல் அக்கறையற்றுப் போய்விட்டது என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அந்த மனத்தாங்கலோடேயே இருபத்தெட்டு வருடம் அவருக்குச் சட்டை தைத்துப்போட்டாள், கடைசி நாட்களில் கஞ்சி ஊட்டினாள். ஒரே கூரைக்கடியில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு, அவர் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை.

பக்கத்தில் தம்பி உற்சாகமாக இருந்தான். கண்ணாடிப் பெட்டிக்கான அட்டையில் என்ன எழுதுவது என்று காப்பகத்துப் பெண் கேட்டாள். ‘அம்மா தைரியமாக இருக்கிறார்கள்’ என்ற வரியையே பெரிதாகப் போடச் சொன்னான். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போதுகூடப் புருஷனுடைய ஊழியத்துக்குத் தடையாக இருக்கக்கூடாதென்று மறைத்தவள் தன் தாய், இப்படி ஒருத்தியை இந்தக் காலத்தில் எங்கே பார்க்கமுடியும் என்று கேட்டான்.

“அப்ப இது உங்க அம்மா எழுதினதா?”

“அம்மா சொல்லச் சொல்ல அக்கா எழுதினது. ஒரு சொல்லு மாத்தாம.”

அவள் முன்னிருந்த காலித் தம்ளரைப் பார்த்தாள். எழுந்து போக வழியிருந்தது. அம்மா தாளில் இல்லாத சொற்களுக்கு ஆமென் சொன்ன குரல் காதில் கேட்டது. போய்விட்டால், வரச்சொல்லிக் கெஞ்சிய அந்த வாய்க்கு வீரம் என்று பெயர் எழுதிக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

“மாத்தினேன்,” என்றாள்.

தம்பி சிரித்தான். “என்னக்கா, இலக்கணத்தையா?”

“அம்மா வரச்சொல்லித்தான் சொன்னா, தம்பி. நான் எழுதல. என் பரிசப் பத்தி எழுதிட்டேன். அம்மாகிட்ட எழுதினமாதிரி படிச்சுக் காமிச்சேன்.” பென்சில் கோட்டைக் காட்டினாள். “அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு.”

காப்பகத்துப் பெண் பேனாவை மூடி வைத்தாள். வெளியே யாரோ தள்ளுவண்டியைப் படியில் இறக்கும் சத்தம் கேட்டது. தம்பி தாளை எடுக்கக் கையை நீட்டினான். வெறுங்கையால் தொடவேண்டாம் என்று அந்தப் பெண் தயங்கிச் சொல்லி, இழுப்பறையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை அவன் முன் வைத்தாள். அவன் ஒன்றை எடுத்து மாட்டத் தொடங்கினான். பெரிய கை. இரண்டு விரல்கள் ஒரே உறைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டன. வெளியே எடுத்தான். அக்காவின் பக்கம் திரும்பாமல், மறுபடியும் சுண்டுவிரலிலிருந்து நுழைக்க ஆரம்பித்தான்.