முப்பது சதவீதக் கை

"அதுல என்னங்க எழுதுனீங்க?"

சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வனஜா கேட்டாள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. கோயமுத்தூர்க்காரிக்குக் கோபத்திலும் அது போகாது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணிய பாலச்சந்திரனுக்கு, எந்த 'ங்க'வில் எவ்வளவு காரம் என்று தெரியும். பேனாவை மூடிக்கொண்டார்.

"கேட்டதத்தான் எழுதுனேன். பேரு, வயசு, விலாசம்."

"அதுக்குக் கீழ?"

"தொழிலு."

"தொழிலுக்கு என்ன எழுதுனீங்க?"

"நில்."

ஒன்றுமில்லை என்பதற்கு அது ஆபீஸ் பாஷை. மராத்தி நாட்டில், தேஹு ரோடு ராணுவ டிப்போவில் அவர் ஸ்டோர்கீப்பர். தீர்ந்துபோன சரக்குக்கு எல்லாம் அந்த ஒரே வார்த்தைதான்.

வனஜா எட்டி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். "பொருத்தமாத்தான் எழுதியிருக்கீங்க. கட்டிட்டு வந்த நாள்லருந்து நான் எங்கீங்க உக்காந்தேன்? நின்னுட்டேதான் இருக்கேன்."

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ப்ரீத்திக்கு விஷயம் புரிய அரை நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள்.

அந்த விண்ணப்பம் நஷ்டஈட்டுக்கானது. நாலு மாசம் முன்னால், தொண்ணூற்றேழு ஜூலையில், சந்தைக்குப் போய்த் திரும்பிய வனஜா ஏறியிருந்த சிக்ஸ் சீட்டர் ஆட்டோவை ஒரு டெம்போ பக்கவாட்டில் வந்து இடித்தது. வலது மேல்கை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. அதை ஒட்டி ஓடிய நரம்புதான் கூடவில்லை. கையை நீட்டினால் மணிக்கட்டு பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண்ணைப் போலத் தலைகுனிந்து தொங்கும். விரல்கள் மடங்கும், விரியாது. கட்டை விரலுக்குப் பின்னால் சூடு வைத்தாலும் தெரியாது.

"நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கேஸை விட அது வேகம்" என்றார் வக்கீல் சந்திரமௌலி.

சந்திரமௌலி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சிவாஜிநகர் கோர்ட்டுக்கு எதிரில் ஆபீஸ். நல்ல மனுஷர், கணக்குப் போடும்போது மட்டும் எதிரில் இருப்பது மனுஷர் என்பதை மறந்துவிடுவார்.

"கேளுங்கோம்மா. அரசு ஆஸ்பத்திரில சர்டிஃபிகேட் வாங்கிட்டேள். நிரந்தர ஊனம் முப்பது சதவீதம்."

"மிச்சம் எழுபது எந்தப் பக்கம் இருக்குதுங்க? தேடித் தேடிப் பாக்கறேன்."

சந்திரமௌலி சிரித்துவிட்டு, காகிதத்தில் கோடு போட்டார். "இப்போ உங்க வருஷ வருமானம் இவ்வளவுன்னு வெச்சுப்போம். அதுல முப்பது சதவீதம் நஷ்டம். உங்க வயசு நாப்பத்திரண்டு. அதுக்குச் சட்டத்துல பதினஞ்சுன்னு ஒரு பெருக்கல் எண் இருக்கு. பெருக்கினா வர்றதுதான் கையோட நஷ்டஈடு. வைத்தியச் செலவு, வலி, வேதனை எல்லாம் தனி."

"எனக்குத்தான் வருமானம் இல்லீங்களே."

"அதுக்கும் வழி இருக்கு. சம்பாதிக்காத மனைவின்னா, சம்பாதிக்கற புருஷனோட சம்பளத்துல மூணுல ஒரு பங்கு."

வனஜா யோசித்தாள். "அப்ப இவருக்குப் புரோமோஷன் வந்தா என் கை வெல ஏறுமுங்களா?"

"ஏறும்."

"இவரு மொடாக் குடியாக் குடிச்சிட்டு வேலைக்குப் போகாம கெடந்தா?"

"எறங்கும்."

பாலச்சந்திரன் இருமினார். அவர் டீ தவிர எதுவும் குடிக்காதவர்.

"எங்க வீட்டுக்கு இப்பப் பவுனுன்னு ஒரு பொண்ணு சமைக்க வருது. தாபோடியிலிருந்து. காலைச் சமையலுக்கு மட்டும் எழுநூறு ரூபா. அவ கையில இப்புடி ஆயிருந்தா?"

"அவளுக்குக் கூலி இருக்கே. நாலு வீட்டுல வாங்கற சம்பளம் பூரா அவ வருமானம்."

"அதே கரண்டி, அதே கை. அடுத்த வீட்டுல கிண்டுனா வேலை. சொந்த வீட்டுல கிண்டுனா அது என்னதுங்க?"

சந்திரமௌலி பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வருஷ வக்கீல் தொழிலில் எதிர்த்தரப்புகூட அவரை இப்படி மடக்கியதில்லை. "இதையே கோர்ட்டுல கேட்டுப் பாத்தா என்ன?" என்றார். "நீங்க செய்யற வேலைக்கெல்லாம் ஆள் வெச்சா என்ன ஆகும்னு ஒரு பட்டியல் போடுவோம். மாசம் மூவாயிரம்னு கேப்போம். சாட்சி உங்க ஆத்துக்காரர்தான்."

"நானா?" என்றார் பாலச்சந்திரன். "இவ என்னென்ன பண்ணுவான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

அவருக்குத் தெரிந்தே இருந்தது. பவுன் வந்து சேர்வதற்கு முன்னால் நாற்பது நாள் லீவு போட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அந்த நாற்பது நாளும் சாம்பார் ஒரு பக்கம் தீய்ந்தது, ரசம் ஒரு பக்கம் வழிந்தது. ஒரு நாள் ப்ரீத்தி தட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஹே காய் ஆஹே?" என்று மராத்தியில் கேட்டாள். இது என்ன என்று தமிழில் கேட்டால் அப்பாவுக்கு மனசு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தாளாம்.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருஷமாகியது. தேஹு ரோடிலிருந்து லோக்கல் ரயிலில் சிவாஜிநகர் போய் இறங்கும்போது பாலச்சந்திரன் தீபாவளிச் சட்டை போட்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் வாலிபர், வழவழவென்று ஆங்கிலம் பேசினார்.

"மனைவியின் வேலை மாதம் மூவாயிரம் பெறும் என்கிறீர்கள். இதுவரை அவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"ரசீது ஏதாவது?"

"இல்லை."

"பிறகு எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

பாலச்சந்திரன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். சந்திரமௌலி சொல்லிக்கொடுத்த பதில் மறந்துபோயிற்று. அதனால் தனக்குத் தெரிந்த இந்தியில் உண்மையைச் சொன்னார்.

"நாற்பது நாள் அந்த வேலையை நான் செய்தேன், ஐயா. நாற்பத்தோராவது நாள் டிப்போவுக்குப் போய்த்தான் ஓய்வெடுத்தேன்."

தட்டச்சு செய்த குமாஸ்தா கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நீதிபதி சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டார். வாசல் பெஞ்சில் இருந்த வனஜா சிரிக்கவில்லை. இருபத்துநாலு வருஷத்தில் வீட்டுக்குள் ஒரு தடவைகூடக் கேட்காத வார்த்தையை, இன்று முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு நடுவில் கேட்டாள். முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்க வலது கைதான் முதலில் எழுந்தது, பாதியில் தொங்கியது. இடது கையால் துடைத்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. "இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? பழகிக்கொண்டால் வீட்டு வேலை செய்ய முடியாதா?" என்று இந்தியில் கேட்டார் வாலிப வக்கீல்.

"முடியும்" என்றாள் வனஜா, சந்தைக்கடை இந்தியில். "உங்கள் கறுப்பு அங்கியை நனைத்து ஒரு கையால் பிழிந்து காட்டுங்கள். நாளையிலிருந்து நானும் அப்படியே பிழிகிறேன்."

வக்கீல் மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார்.

இரண்டாயிரமாவது வருஷம் மார்ச்சில் தீர்ப்பு வந்தது. சந்திரமௌலி தீர்ப்பு நகலோடு வீட்டுக்கே வந்தார். முகத்தில் பாதிதான் சந்தோஷம்.

"முப்பது சதவீதத்தை அப்படியே ஒத்துண்டுட்டா. ஆனா மாசம் மூவாயிரத்துக்கு ஆதாரம் இல்லைன்னுட்டா. பழைய கணக்குதான். சாரோட அப்போதைய சம்பளம் ஆறாயிரம். அதுல மூணுல ஒண்ணு ரெண்டாயிரம். வருஷத்துக்கு இருபத்தினாலாயிரம், முப்பது சதவீதம், பதினஞ்சால பெருக்கினா ஒரு லட்சத்து எட்டாயிரம். வட்டியோட வரும். வைத்தியச் செலவு தனி. அப்புறம் இன்னொண்ணு, சாருக்கு அதிர்ஷ்டம்."

"எனக்கா?"

"நாப்பது நாள் லீவு போட்டு வீட்டைப் பாத்துண்டதுக்கு, உங்க ஒரு நாள் சம்பளம் இருநூறு ரூபா வீதம் எட்டாயிரம் தனியா கொடுத்திருக்கா. நீங்க கூண்டுல சொன்னதை ஜட்ஜ் நம்பிட்டார்."

பாலச்சந்திரனுக்கு முகம் மலர்ந்தது. வனஜாவைப் பார்த்ததும் மலர்ந்தது அப்படியே நின்றது.

அவள் இடது கை விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டாயிரத்த முப்பதால வகுத்தா அறுபத்தாறு ரூபாச் சொச்சமுங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப இதே அடுப்புல இவரு நின்னா ஒரு நாளைக்கு எரநூறு. நான் நின்னா அறுபத்தாறு."

சந்திரமௌலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்கு சரி. அதில்தான் வேடிக்கையே. எங்கேயும் யாரும் தப்பாகக் கூட்டவில்லை.

"அந்தச் சாம்பார ஜட்ஜய்யா ஒரு வாய் சாப்புட்டிருக்கணுமுங்க" என்றாள் வனஜா.

"ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போடலாம்" என்றார் சந்திரமௌலி தயங்கி. "பம்பாய் போகணும். எத்தனை வருஷம் ஆகும்னு சொல்ல முடியாது. கிடைச்சதை வாங்கிண்டு நிம்மதியா இருக்கலாம்னா அதுவும் நியாயந்தான்."

அவர் அப்பீல் காகிதங்களை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பாலச்சந்திரன் ரொம்ப நேரம் தீர்ப்பு நகலைப் புரட்டினார். "ஆபீஸ்ல கேட்டா சிரிப்பாங்க புள்ள" என்றார் கடைசியில். எதற்குச் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

மறுநாள் பவுனுக்கு லீவு. காலையில் பாலச்சந்திரன் வழக்கம்போலப் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். டீ வரவில்லை. பேப்பரைத் தாழ்த்தினார். எதிரில் வனஜா உட்கார்ந்திருந்தாள்; முன்னால் அப்பீல் காகிதம், இடது கையில் பேனா.

"டீ..." என்றார்.

"நீங்க போட்டா எரநூறு ரூபாங்க" என்றாள் நிமிராமல். "கோர்ட்டே சொல்லியிருக்குது. வெல கம்மியான கையால எதுக்குங்க குடிக்கோணும்?"

பாலச்சந்திரன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அடுப்படியில் டப்பாக்கள் உருண்டன.

"சக்கரை எங்க இருக்குது?"

"இருக்கற எடத்துலதானுங்க இருக்குது."

ஏதோ கீழே விழுந்தது. அவராகச் சிரித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம், "பம்பாய்க்கு நானும் வர்றேன். அந்தச் சாம்பார் எப்புடி இருந்துச்சுன்னு அங்கயும் சொல்றேன். எட்டாயிரம் போனாப் போகுது" என்றார்.

வனஜா கையெழுத்துக் கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனாள். இடது கைக்கு எழுத்து இன்னும் குழந்தை. 'வ' போடவே வழுக்கியது. இரண்டு சுழி 'ன' ஒரு சுழியில் நின்றுவிட, மறுபடி வளைத்தாள். அடுப்படியிலிருந்து பால் பொங்கி வழிந்து தீயும் வாசனை வந்தது. கால் தானாக எழப் பார்த்தது.

காலை நாற்காலிக்குக் கீழே அழுத்தி வைத்துக்கொண்டு, 'ஜா'வை நிதானமாகப் போட்டு முடித்தாள்.