நாடாவுக்கு விழுந்த ஓட்டு

எண்பத்து நாலு பாராளுமன்றத் தேர்தலில் எங்கள் எல்லை நெசவாளர் கட்சி டெபாசிட் இழந்ததற்குத் தலைவர் ராஜகோபாலின் வாய்தான் காரணம். அரக்கோணத்து வக்கீல் அவர். சின்னமாகப் படகு கிடைத்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அம்மையார்குப்பத்துக்கு வந்து, "உங்களைக் கரை சேர்ப்பேன்" என்று ஒரு மணி நேரம் முழங்கினார். ஏரியே காய்ந்து கிடக்கிற ஊரில் எந்தக் கரை? கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

அடுத்து பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. "இதுலயும் தோத்தா பெரிய கட்சியோட சேர்ந்துடலாம், தேவகி" என்றார் ராஜகோபால். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூல் விலை ஏறி நாங்கள் தெருவில் உட்கார்ந்தபோது எந்தப் பெரிய கட்சிக்காரன் எட்டிப் பார்த்தான்? தறிக்காரர்கள் நாங்களே கூடித் தொடங்கிய கட்சி இது. விடுவேனா? பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நானே நின்றேன். சனியன், மறுபடியும் படகையே ஒதுக்கினார்கள்.

ஆத்திரத்தோடு சுவரில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். தறியை விட்டு எழுந்து வந்த கௌரியம்மாள் உற்றுப் பார்த்தாள்.

"நாடா சின்னமா? சொல்லவே இல்லியே நீ!"

நோட்டீஸில் இருந்த படகை நானும் பார்த்தேன். இரண்டு முனையும் கூர், நடுவில் குழி. அட, ஆமாம்! ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியில் நாள் முழுக்க இங்குமங்கும் ஓடுகிற எங்கள் நாடாவேதான்.

"ஆங், நாடாதான் அக்கா!" என்றேன். அன்றோடு படகு என்று யார் சொன்னாலும் உதை விழும் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டேன்.

எதிர்த்து நின்ற நூல் வியாபாரி கஜபதிக்கு விஷயம் எட்டியது. ஜீப்பில் மைக் கட்டித் தெருத்தெருவாகக் கத்தினார்: "ஏமாறாதீங்க! அது நாடா இல்ல, படகு!"

அதுவரை நோட்டீஸைப் பார்க்காதவர்களும் ஓடிவந்து பார்த்தார்கள். "இன்னாய்யா இது, நூல் விக்கிறவருக்கு நாடா தெரியலியே! கண்ணு அவிஞ்சி போச்சா?" என்று பெண்கள் சிரித்த சிரிப்பில் ஜீப் வந்த வழியே திரும்பிவிட்டது.

ஜெயித்தேன்! சும்மா இல்லை, கஜபதிக்கு டெபாசிட்டே போயிற்று. பட்டாசும் மேளமுமாக ஊர் அதிர்ந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

ராஜகோபால் ஆளுயர மாலையோடு வந்து மேடையேறினார். என் காதருகே குனிந்தார். "இந்த வெற்றியோட போனா பெரிய கட்சியில நமக்கு நல்ல எடம் கிடைக்கும். பேசி முடிச்சிட்டேன்மா."

உடம்பெல்லாம் எரிந்தது. மைக்கைப் பிடுங்கினேன்.

"நம்ம கட்சிய பெரிய கட்சியோட சேக்கலாம்னு தலைவர் பேசிட்டு வந்துகிறாரு. சேக்கலாமா?"

"கூடாது!" என்று தெருவே கத்தியது. கௌரியம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மேடையை நோக்கி வந்தாள்.

"கேட்டுச்சா, தலைவரே?" என்று மைக்கை அவரிடம் நீட்டினேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். கௌரியம்மாளைப் பார்த்தார்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.